அக்காவும் சிவப்பில் நின்ற முள்ளும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வரும் சொந்தங்களும் சிநேகிதர்களும் கையில் எடுத்துப் போக ஒரு நினைவு மலர் போட வேண்டும், அதில் அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டில் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். ஏன் நான் என்று கேட்டேன்.

"நீங்கதான மாமா சரித்திர வாத்தியார்? காலமெல்லாம் செத்தவங்களைப் பத்தித்தான பேசிட்டு இருந்தீங்க" என்றாள் அக்காவின் மகள்.

ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடைக்காது. ஆனால் ராஜாக்களைப் பற்றிப் பேசுவது சுலபம். அவர்களில் ஒருவரும் என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டதில்லை. நான் பரீட்சையில் தோற்றபோது எனக்காக அம்மாவிடம் பொய் சொன்னதுமில்லை. ஆகவே இந்தக் கட்டுரை முன்னும் பின்னுமாகத்தான் ஓடும். படிப்பவர்கள் என் மாணவர்களைப் போலவே பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை.

அக்கா பிறந்தது லால்குடிக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டிய வீட்டில். அப்பா குத்தகை நிலத்தில் நெல் பயிரிட்டவர். அவர் திடீரென்று தவறியபோது அக்கா பள்ளியிறுதி எழுதிக்கொண்டிருந்தார். நான் மூக்கு ஒழுகும் பருவத்தில் இருந்தேன். அந்தப் பருவம் எனக்கு அளவுக்கு மீறி நீடித்தது என்று அக்கா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மாடுகளைப் பார்த்துக்கொண்டார். அக்கா எங்களைப் பார்த்துக்கொண்டார். திருச்சியில் ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்து, ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, தினமும் காலைப் பாசஞ்சர் ரயிலில் நின்றுகொண்டே போய் வந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். "உன்னைப் பட்டதாரி ஆக்கினதுல எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துச்சு. அதை நானே டெஸ்ட் பண்ணிக்கிட்டேன்" என்பார்.

அந்த வேலை அவருக்கு ஒரு குணத்தைக் கொடுத்தது. யாராவது "இது மலேரியாதான்", "எனக்கு சுகர் வந்துடுச்சு" என்று ஆரம்பித்தால், அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "பாத்தீங்களா?" பார்க்காமல் எதையும் சொல்லக்கூடாது. ரசத்தில் உப்பில்லை என்று நான் முகத்தைச் சுளித்தால்கூட, "வாயில வெச்சுப் பாத்தியா, இல்ல மூஞ்சியை வெச்சே சொல்றியா?" என்பார். எங்கள் குடும்பத்தில் வதந்தி என்பது அக்காவின் வாசல்படியைத் தாண்டியதே இல்லை.

ஒரே ஒரு வதந்தி தாண்டியது. அதைச் சொல்வதற்கு முன் அத்தானையும் அவருடைய காரையும் அறிமுகப்படுத்த வேண்டும்.

அத்தான் கோட்டைப் பக்கம் ஜவுளிக்கடையில் மேலாளராக இருந்தவர். மென்மையான மனிதர். கல்யாணமாகி முதலில் ஸ்ரீரங்கத்தில் வாடகைக்கு இருந்தார்கள், பிறகு காட்டூரில் சொந்த வீடு கட்டினார்கள். ஸ்ரீரங்கத்தில் இருந்தபோதே அத்தான் கிரீம் நிறத்தில் ஒரு கார் வாங்கினார். வாங்கும்போதே அது பழசு. அதை ஓட்டிய நேரத்தைவிடத் துடைத்த நேரம் அதிகம். ஓட்டும்போதும் சாலையைப் பார்த்த நேரத்தைவிட, என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்த நேரம் அதிகம். முள் நடுவைத் தாண்டிச் சிவப்புப் பக்கம் சாய்ந்தால் போதும், இடம் பொருள் ஏவல் பார்க்காமல் வண்டியை ஓரங்கட்டுவார். பானெட்டைத் திறந்து வைத்து ஆறவிட்டு, வாளியில் தண்ணீரோடு நிற்பார். இதனால் பல கல்யாணங்களுக்குத் தாலி கட்டி முடிந்த பிறகே நாங்கள் போய்ச் சேர்ந்தோம். ஸ்ரீரங்கத்துக்கும் சமயபுரத்துக்கும் நடுவே இருந்த அத்தனை டீக்கடைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தில் யார் சர்க்கரை போடாமல் குடிப்பவர் என்பது தெரியும்.

அக்காவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும் அத்தான்தான். "முள்ளைப் பாத்துக்கிட்டே இரு" என்று பக்கத்தில் உட்கார்ந்து பதறுவார்.

"நான் ரோட்டைப் பாக்கறேன். நீங்க முள்ளைப் பாருங்க" என்று அக்கா வேலையைப் பிரித்துக் கொடுத்தார். அப்படித்தான் அவர்கள் குடித்தனமும் நடந்தது.

ஒருநாள் இருட்டும் நேரத்தில் அத்தானுக்கு நெஞ்சு வலி வந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அக்காவே அவரைக் காரின் முன்சீட்டில் உட்கார வைத்து, தஞ்சாவூர் ரோட்டு நெரிசலில் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் அப்போது மருங்காபுரியில் வேலையில் இருந்தேன். பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அத்தானுக்கு முகமூடி வைத்து மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மதியம் அவர் போய்விட்டார்.

அத்தான் வீட்டுக்கு ஆம்புலன்ஸில் வந்தார். கார் கயிற்றில் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ சாவியைப் போட்டுத் திருப்பியிருக்கிறார்கள். "டொக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மினி லாரியில் கட்டி இழுத்து வந்து கொட்டகையில் விட்டார்கள்.

துக்க வீட்டில் ஆண்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. பெண்கள் உட்கார்ந்து அழுவார்கள். ஆண்களுக்கு எதையாவது சுற்றி நின்றாக வேண்டும். அன்று அவர்கள் காரைச் சுற்றி நின்றார்கள்.

"தண்ணி இல்லாம ஓட்டியிருக்கும். என்ஜின் ஜாம்."

"பிஸ்டன் வெந்து ஒட்டிக்கிட்டிருக்கும். இனிமே இது இரும்பு."

"பொம்பளைங்க ஓட்டினா முள்ளையெல்லாம் எங்கங்க பாக்குறாங்க?"

ரேடியேட்டர் மூடியைத் திறந்துகூட ஒருவரும் பார்க்கவில்லை. கொட்டகைக்கு நேர் எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே அக்கா.

அதற்குப் பிறகு பல வருஷம் அந்தக் கார் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா என்று நான் கேட்கும்போதெல்லாம் அக்கா பேச்சை மாற்றிவிடுவார். உலகத்தையே "பாத்தீங்களா?" என்று கேட்ட மனுஷி, அந்த பானெட்டை மட்டும் திறந்து பார்க்கவிடவில்லை. பாசம் என்று நினைத்துக்கொண்டேன். சரித்திர ஆசிரியனுக்குக் கண்முன்னால் நடப்பது புரிவதில்லை. ஐந்நூறு வருஷமாவது ஆக வேண்டும்.

அக்காவின் இருதயம் தளர ஆரம்பித்தது போன வருஷத்துக்கு முந்திய வருஷம். தன் ரிப்போர்ட்டைத் தானே படித்து, டாக்டருக்கு முன்பே விஷயத்தைப் புரிந்துகொண்டார். அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து மகள் போன் செய்தாள். "அம்மா, கொட்டகையைச் சுத்தம் பண்ணிட்டா உனக்குக் காத்தோட்டமா இருக்கும். அந்தக் காரை எடைக்குப் போட்டுடலாமா?"

அக்கா சரி என்றார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார்.

"எடைக்குப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியணும்டா."

"என்ன எடை இருக்கும்னா?"

"செருப்பு பிஞ்சிடும். உக்காரு."

உட்கார்ந்தேன். அப்போதுதான் சொன்னார். அன்று ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், வலியிலும் அத்தானின் கண் முள்ளைவிட்டு அகலவில்லை. முள் சிவப்புக்குப் போய்விட்டது. "நிறுத்து. தண்ணி ஊத்து. என்ஜின் போயிடும்" என்று கையைப் பிடித்திருக்கிறார். அக்கா கையைத் தட்டிவிட்டார்.

"'உங்க வண்டி எக்கேடு கெட்டா எனக்கென்ன, பேசாம வாங்க'ன்னு கத்திட்டேன்டா. அவரும் பேசாம வந்தாரு. போய் இறங்கினதும் முகமூடி போட்டுட்டாங்க. அப்புறம் அவர் பேசவே இல்லை." அக்கா புடவைத் தலைப்பை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். "நான் அவர்கிட்ட கடைசியாச் சொன்னது அதான். மறுநாள் எல்லாரும் சுத்தி நின்னு என்ஜின் வெந்துடுச்சுன்னாங்க. அவர் சொன்னதுதான் சரி, நான்தான் அவர் வண்டியைக் கொன்னுட்டேன்னு ஆயிடுச்சு."

நான் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"ஓடினதுல ஜாம் ஆச்சா, நின்னதுல ஜாம் ஆச்சா? அது தெரிஞ்சா போதும்" என்றார் அக்கா. "எதுவா இருந்தாலும் பரவாயில்ல. பாத்துடலாம்."

பாலக்கரையில் பட்டறை வைத்திருக்கும் ரஃபி பாயை அழைத்து வந்தேன். அவர் காரை ஒரு சுற்று சுற்றினார், முகம் மலர்ந்தது.

"என்ஜினை இறக்கிடுவோம் அக்கா."

"இறக்காம பாக்க முடியாதா பாய்?"

"பாக்கலாம். இறக்கிப் பாத்தா எனக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்."

"உங்க சந்தோஷத்தை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல நோயைப் பாருங்க" என்று அக்கா கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி.

ரஃபி பாய் கியரை நியூட்ரலில் வைத்தார். என்ஜினின் முன்பக்கத்து நட்டில் நீளமான ஸ்பேனரை மாட்டி அழுத்தினார். அது திரும்பினால் உள்ளே பிஸ்டன்கள் நகர வேண்டும். நகரவில்லை. நானும் சேர்ந்து தொங்கினேன். ஸ்பேனர் நழுவியது. நான் அத்தானின் வாளிக்குள் உட்கார்ந்தேன். அத்தனை வருஷம் ஓட்டை இல்லாமல் இருந்த வாளி அது.

"ஜாம்தான்" என்றேன் வாளியிலிருந்து.

"பாத்தியா?" என்றார் அக்கா.

பார்க்கவில்லைதான். ரஃபி பாய் ஃபேன் பெல்ட்டைக் கழற்றினார். சில சமயம் தண்ணீர் பம்போ டைனமோவோ இறுகிக்கொண்டு பழி என்ஜின் மேல் விழுமாம். இரண்டையும் விரலால் சுற்றினார்; சுற்றின. ஆக, இறுக்கம் என்ஜினுக்குள்ளேதான். அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

அடுத்து எண்ணெய். அளவுகோலை உருவியதும் அக்கா கை நீட்டினார். வெள்ளைத் துணியில் தடவி, வெயிலில் சாய்த்து, விரலில் தேய்த்துப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் ரத்தம் பார்த்த கை.

"வெந்துபோன என்ஜின்னா என்ன இருக்கும் பாய்?"

"ஜிகினா மாதிரி தூள் மின்னும் அக்கா. தண்ணி எறங்கியிருந்தா மோர் மாதிரி ஆயிருக்கும்."

"கறுப்பாத்தான் இருக்கு. தூளும் இல்ல, மோரும் இல்ல."

"அப்ப நல்ல சகுனம்."

"சகுனம் வேணாம். மேல பாருங்க."

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைகள் வழியாக ஒரு ஒயர் நுனி கேமராவை உள்ளே விட்டார். படம் செல்போனில் தெரிந்தது. "வயித்துக்குள்ள விடறாங்களே, அதோட தம்பி" என்று அறிமுகம் செய்தார். அக்கா போனை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். முதல் ஓட்டை, சுவர் வழவழப்பாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பழுப்பாக ஒரு பட்டை.

அக்கா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. "இது சூட்டுக் காயமா பாய், துருவா?"

ரஃபி பாய் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சூட்டுல ஒட்டியிருந்தா மேலேருந்து கீழ கீறல் இருக்கும், பூனை பிறாண்டின மாதிரி. இது படுக்கையா வளையம் போட்டிருக்கு. பிஸ்டன் நின்ன இடத்துலயே நின்னு, ஈரம் பட்டு, துரு கட்டியிருக்கு. நின்னதுல வந்த ஜாம் அக்கா."

"நிச்சயமா?"

"முக்காவாசி."

"மீதிக் கால்வாசி?"

"அது அல்லாவுக்குத்தான் தெரியும்."

"சரி, அவர் சொல்ற வரைக்கும் பாப்போம்" என்றார் அக்கா. பிறகு தனக்குத்தானே கேட்பதுபோல, "அப்ப அன்னைக்கு ஏன் டொக்குன்னுச்சு?" என்றார்.

அந்த ஓட்டைகளில் மெல்லிய எண்ணெய்க் கலவையை ஊற்றி ஊறவிட்டார் ரஃபி பாய். பட்டறைக்குப் போகிற வழியில் தினமும் வந்து ஸ்பேனரை ஒரு தடவை அசைத்துப் பார்ப்பார், மறுபடி கொஞ்சம் ஊற்றுவார், டீ குடித்துவிட்டுப் போவார். "அடிச்சு நகத்தக் கூடாது. கெஞ்சி நகத்தணும்" என்பார். அக்காவுக்கு அந்த வாரங்களில் கால் வீங்கியது, மாத்திரை கூடியது. ஆனாலும் அந்த நேரத்துக்கு நாற்காலிக்கு வந்துவிடுவார்.

ஒரு காலை ஸ்பேனர் மயிரிழை நகர்ந்தது. கதவுக் கீல் முனகுவதுபோல ஒரு சத்தம். ரஃபி பாய் சட்டென்று நிறுத்தி, பின்னுக்குத் தள்ளினார், மறுபடி முன்னுக்கு. கொஞ்சம் கொஞ்சமாக ஒரு முழுச் சுற்று சுற்றியது. மறுபடி கேமராவை விட்டார். பிஸ்டன் விலகிய இடத்தில் கீறலே இல்லை. நான் கைதட்டினேன். அக்கா தட்டவில்லை. அவருடைய கால்வாசிக் கேள்வி பாக்கி இருந்தது.

பழைய எண்ணெயை மாற்றி, ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, புது பேட்டரியைக் கொண்டுவந்து வைத்தார். ஒயரை மாட்டினார். சாவி இன்னும் அக்காவின் மடியில் இருந்தது.

கொட்டகை வெளிச்சமானது.

நான் பின்னால் துள்ளிக் குதித்தேன். இந்த முறை வாளி இல்லாததால் தரையில் விழுந்தேன். காரின் முன்விளக்குகள் இரண்டும் எதிர்ச் சுவரில் முழு வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தன.

"சாவியே போடலியே!" என்றேன்.

அக்கா மெதுவாக எழுந்து நின்றார். "விளக்கை நான் அணைக்கவே இல்லடா" என்றார். "இருட்டிடுச்சுன்னு போட்டேன். அவரை எறக்கற அவசரத்துல அப்படியே உள்ள ஓடிட்டேன்."

ரஃபி பாய் தலையில் அடித்துக்கொண்டார். "ராத்திரி பூரா விளக்கு எரிஞ்சா பேட்டரி செத்துடும் அக்கா. செத்த பேட்டரில சாவி போட்டா டொக்குன்னுதான் சொல்லும். என்ஜின் என்ன பண்ணும் பாவம்?"

"சாவியைப் போடுங்க" என்றார் அக்கா.

ரஃபி பாய் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஒரு கட்டம் மட்டும் திருப்பினார். டேஷ்போர்டில் சின்ன விளக்குகள் எரிந்தன. அந்த முள் அசைந்தது. இடது ஓரத்திலிருந்து கிளம்பி, நடுவைத் தாண்டி, சிவப்பில் போய் நின்றது.

அத்தனை வருஷமாக ஓடாத என்ஜின். ரஃபி பாய் இறங்கி ரேடியேட்டரின் மேல் கையை வைத்தார். "பச்சைத் தண்ணியா இருக்கு" என்றார். பிறகு முள்ளுக்குப் போகும் ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போய், ஒரு வளைவில் நிறுத்தினார். அங்கே ஒயரின் மேல்தோல் தேய்ந்து, செம்புக்கம்பி என்ஜின் இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் கம்பியை நெம்பினார். முள் இறங்கியது. விட்டார். முள் சிவப்புக்கு ஏறியது.

"ஆடி ஆடித் தேஞ்சிருக்கு. இது நேத்து வந்த தேய்மானம் இல்ல அக்கா, ரொம்ப வருஷக் கணக்கு. கம்பி பட்டா சிவப்பு, படலேன்னா சரி. அன்னைக்கு சூடே ஏறியிருக்காது. ஏறியிருந்தா உள்ள கீறல் இருந்திருக்கும்."

"இன்னொரு தடவை பண்ணுங்க பாய்."

பண்ணினார். இறங்கியது, ஏறியது.

"இன்னொரு தடவை."

அக்கா அழுதுகொண்டே சிரிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப அத்தனை டீக்கடையிலயும் நிறுத்தி நிறுத்தித் தண்ணி ஊத்தினாரே மனுஷன்!" என்றார். "பச்சைத் தண்ணியில பச்சைத் தண்ணி ஊத்தியிருக்காரு!"

ஒரு டேப் சுற்றினால் ஒயர் சரியாகிவிடும் என்றார் ரஃபி பாய். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அது அவரோட முள்ளு. அப்படியே இருக்கட்டும். தினம் காலைல மூடியைத் திறந்து தண்ணியைப் பாத்துக்கறோம்."

வண்டி அதற்கு அடுத்த வாரம்தான் ஸ்டார்ட் ஆனது. தெருவையே கொசு மருந்து அடித்தாற்போலப் புகையால் நிரப்பியது. பெட்ரோல் டாங்கைக் கழுவி, பிரேக் சரிபார்த்து, டயர் மாற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்ட, அக்கா அத்தானின் இடத்தில் உட்கார்ந்து, காட்டூரிலிருந்து ஸ்ரீரங்கம் போனோம். என் ஓட்டுதலைப் பற்றிச் சொந்தக்காரர்களுக்குத் தெரியும். எங்களை ஒரு பால்கார சைக்கிள் முந்திச் சென்றது. காவிரிப் பாலத்தில் ஏறும்போது முள் சிவப்பில் ஜம்மென்று நின்றது.

"நிறுத்தித் தண்ணி ஊத்தட்டுமா அக்கா?" என்றேன்.

"பேசாம ஓட்டுடா."

அம்மாமண்டபப் படித்துறைக்கு எதிரே, அத்தானின் காரியங்கள் நடந்த இடத்தைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னிடம் அல்ல, அத்தானிடம் பேசுவதுபோல, "நான்தான் சொன்னேன்ல" என்றார். சண்டையில் ஜெயித்தவரின் குரல் இல்லை அது. சாப்பாட்டுக்குக் கூப்பிடும் குரல்.

மழைக்காலம் முடிவதற்குள் அக்கா படுத்துவிட்டார். கடைசி நாட்களில் வலி அதிகம் இல்லை. பேச்சு குறைந்தது, கிண்டல் குறையவில்லை. நான் அழுதுகொண்டே நாடி பிடித்துப் பார்த்தபோது, "அது நரம்பு இல்லடா, வளையல்" என்றார். மகளும் மருமகனும் பக்கத்தில் இருக்க, ஒரு விடியற்காலையில் அமைதியாகப் போனார். அன்றும் ஆண்கள் வழக்கம்போலக் காரைச் சுற்றி நின்றார்கள். இந்த முறை சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அக்காவுக்கு வைத்தியம் பார்த்ததோடு, தன் ரிப்போர்ட்டைத் தானே திருத்தும் நோயாளியைச் சகித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும். கஞ்சியும் ரசமும் கொடுத்தனுப்பிய காட்டூர் தெருப் பெண்களுக்கும், தூக்கிவிட்ட கைகளுக்கும். லால்குடியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஓடி வந்த சொந்தங்களுக்கும். என்ஜினை இறக்கும் சந்தோஷத்தை அக்காவுக்காக விட்டுக்கொடுத்த ரஃபி பாய்க்கும். எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

திதி முடிந்ததும் அம்மாமண்டபம் போவதற்கு வண்டி வாசலில் தயாராக இருக்கும். நான்தான் ஓட்டுகிறேன், தைரியம் உள்ளவர்கள் ஏறலாம். ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரை நானே காலையில் பார்த்திருப்பேன். முன்சீட்டில் உட்காருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். முள் சிவப்பில்தான் இருக்கும். பதறி, நிறுத்து என்று என் கையைப் பிடித்துவிடாதீர்கள். பிடித்தால், அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்ல வேண்டியிருக்கும்.

பேசாம வாங்க.